புதன்கிழமை அலைகள்

என் புருஷனின் கல்லறை மணலை எனக்கு முன்னால் யாரோ வாரி வைத்திருந்தார்கள். மே மாதம், இரண்டாவது ஞாயிறு. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கேரியரில் கட்டியிருந்த முள்வாரியை அவிழ்த்துக்கொண்டு பைன் மரங்களுக்கு நடுவே நடந்து போய்ப் பார்க்கிறேன், மணல் முழுக்க நேர்க்கோடு. ஒரு சருகு இல்லை, ஒரு பைன் ஊசி இல்லை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும், பெஞ்சுக்கு அடியில்கூட, நூல் பிடித்ததுபோல இழுத்து வைத்திருந்தது. போன ஞாயிறு நான் போட்டுவிட்டுப் போன மீன்முள் பின்னலின் சுவடே காணோம்.

எங்கள் கடற்கரையில் கல்லறை மணல் என்றால் சாதாரணம் இல்லை. செத்தவருக்கு நாம் செய்யக்கூடியது அது ஒன்றுதான் பாக்கி இருக்கிறது. வாரம் ஒருமுறை வந்து சருகு பொறுக்கி, முள்வாரியால் மணலில் பின்னல் போட்டுக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே வரவேண்டும். நம்முடைய காலடி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு கை உண்டு, மணலைப் பார்த்தே யார் வந்து போனது என்று சொல்லிவிடலாம். வாராமல் கிடக்கிற மணலைப் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைவிடக் கேவலம், உன் ஆளின் மணலை இன்னொருத்தி வாரி வைப்பது. உன் அடுப்படிக்குள் புகுந்து பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனமாதிரி அது. உதவி என்று எவளும் எடுத்துக்கொள்ள மாட்டாள்.

யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மில்வி. ஓயார்ஸின் முதல் பெண்டாட்டி.

நான் விஸ்மா. அய்னாஜியில் மெயின் ரோட்டு ஓரம் புகைபோட்ட மீன் விற்கிறேன். என் கடையிலிருந்து முன்னூறு அடி வடக்கே நடந்தால் எஸ்டோனியா. இந்தப் பக்கம் அய்னாஜி, அந்தப் பக்கம் இக்லா. ஒரே கடல், ஒரே மணல், ஒரே பைன் காடு. பள்ளிக்கூட வரைபடத்தில் பழைய காலத்துக் கரையை லிவோனியா என்று ஒரே வண்ணத்தில் அடித்திருப்பார்கள். அப்புறம் அது இரண்டாகி, சோவியத் காலத்தில் மறுபடி ஒன்று மாதிரி ஆகி, நான் கல்யாணம் கட்டி ஆறாம் வருஷம் திரும்பவும் லாட்வியா தனி, எஸ்டோனியா தனி என்றானது. கோடு போட்டவர்களுக்கு என்ன வந்தது. என் புருஷனின் அப்பா இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். எனக்குக் கட்டிலுக்கு நடுவே போட்ட மாதிரிதான் இருந்தது.

மில்வி இக்லாக்காரி. ஓயார்ஸும் அவளும் ஆறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். குழந்தை இல்லை, பெரிய சண்டையும் இல்லை. ஒருநாள் அவர் ஒரு பெட்டியோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன், அவள் பிறகு ஹெய்னோவைக் கட்டிக்கொண்டாள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மகன் விட்ட மருமகளை மாமியார் விடவில்லை. கடைசிவரை கிழவிக்குக் கஞ்சி கொடுத்ததும், மூத்திரத்துணி மாற்றியதும் மில்விதான். நான் போனால் மட்டும் மாமியாருக்குத் தூக்கம் வந்துவிடும். நடுவில் எல்லைச் சாவடி வேறு, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித்தான் அந்தப் பக்கம் போகவேண்டும். ஓயார்ஸ் அம்மாவைப் பார்க்கப் போவார். யாரைப் பார்க்கப் போகிறார் என்று நான் இங்கே உட்கார்ந்து மீன் குடலை உருவிக்கொண்டே யோசிப்பேன். ஒருதடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

போகிற காலத்தில் மனுஷன் ஒரே ஒரு வரம் கேட்டார். "என்னை எங்கம்மா பக்கத்துல போட்ரு விஸ்மா." நானும் தலையாட்டித் தொலைத்தேன். இக்லாவைத் தாண்டி ஆறு கிலோமீட்டர், கடலோரக் காட்டுக்குள் இருக்கிறது அந்தக் கல்லறைத் தோட்டம். மாமியார் ஒரு ஓரம், ஓயார்ஸ் நடுவில், அவருக்கு வலப்பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் மணல். அது எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன். போன வருஷம் கல்லுக்கு எழுத்து வெட்ட அனுமதி கேட்கப் போனபோதுதான் அலுவலகப் பெண் பேரேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், இடம் முழுக்க மில்வி பெயரில் இருக்கிறது என்று. கிழவி சாகும் முன்னால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மில்வி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அந்த வலப்பக்கம் எனக்குக் கிடையாது. நாளைக்கே மில்வி செத்தால் அவள்தான் அங்கே போய்ப் படுப்பாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் தனியாகக் கிடக்க, ஆறு வருஷக்காரி அவரோடு. 

கேட்காமலும் இல்லை. மில்வி வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளில் வந்து என்னிடம்தான் புகைபோட்ட தட்டைமீன் வாங்குவாள். எழுபதை நெருங்குகிறாள், இன்னும் முதுகு நேராக இருக்கிறது, அதுவும் எனக்குப் பிடிக்காது. ஒரு வெள்ளிக்கிழமை மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"அந்த எடத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்களேன். உங்களுக்குத்தான் ஹெய்னோ இருக்காரே."

அவள் மீனை வாங்கிப் பையில் போட்டாள். "கெழவி எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான் விஸ்மா. பாப்போம். இன்னிக்கே சாகப்போறமா என்ன." ஒரு காலைப் பெடலில் வைத்தவள் திரும்பி, "மணலெல்லாம் நல்லா வெச்சிருக்கியாமே, சொன்னாங்க" என்றாள்.

இது நடந்தது நேர்க்கோட்டைப் பார்த்த அதே வாரத்து வெள்ளிக்கிழமை. தானே வாரி வைத்துவிட்டு என்னிடமே வந்து நல்லா வெச்சிருக்கியாமே என்கிறாள். நான் மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் பலகை மேல் வைத்தேன். அவ்வளவுதான் அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது.

ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. மில்வியின் கைக்கு வருவது அலை. அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரும் அலைதான் போடுவார்கள், ஆனால் என் மாமியார் போட்ட அலையே வேறு. ஒன்றின் வயிற்றில் இன்னொன்று வந்து படுக்கிற மாதிரி, மணிக்கட்டை மட்டும் ஆட்டி இழுப்பாள். அதை மில்விக்குச் சொல்லிக் கொடுத்தாள். எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படி இருக்க இவள் ஏன் நேர்க்கோடு இழுக்கிறாள்? வயசாகிவிட்டது, மணிக்கட்டு மடங்கவில்லை, வேறென்ன என்று முடிவு கட்டினேன். அந்த நேர்க்கோட்டை எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. எங்கே என்று யோசிக்கப் பொறுமை இல்லை.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று புதன்கிழமை காலை ஐந்தரைக்கு, கடை திறக்கும் முன்னால் போனேன். ஆள் இல்லை. ஆனால் ஞாயிறு நான் போட்ட மீன்முள் போய், மறுபடி நேர்க்கோடு. நடுவில் வந்திருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சநேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பெருமைப்படுகிற யோசனை இல்லை. மாமியாரின் அலையை நான் போட்டால் என்ன? சொல்லிக் கொடுக்காவிட்டால் என்ன, பார்த்த கண் இல்லையா. அவளுக்கே மறந்துபோன கையை நான் போட்டுக் காட்டுகிறேன். வரட்டும், பார்க்கட்டும், கிழவியே எழுந்து வந்து போட்டுவிட்டுப் போனமாதிரி இருக்கட்டும்.

முதல் நாள் சரியாக வரவில்லை. மூன்று தடவை அழித்தேன். நாலாவது தடவை மணிக்கட்டு பிடிபட்டது, ஒரு அலை இன்னொன்றின் வயிற்றில் போய்ப் படுத்தது. பின்பக்கமாக நடந்து வெளியே வந்து நின்று பார்த்தபோது எனக்கே மாமியார் ஞாபகம் வந்து ஒருமாதிரி ஆகிவிட்டது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, கடையைப் பத்து நிமிஷம் தாமதமாகத் திறந்தேன்.

அதற்குப்பிறகு அது ஒரு யுத்தம். ஞாயிறு ஊரறிய வந்து மீன்முள் போடுவேன். புதன் விடிகாலையில் வந்து பார்த்தால் நேர்க்கோடு, அதை அழித்து அலை போடுவேன். ஞாயிறு வந்தால் மறுபடி நேர்க்கோடு. ஜூன் முழுக்க இப்படியே. நேர்க்கோடும் சாதாரணமாக இல்லை, போகப் போக ஆழமாக விழுந்தது, இழுத்தவரின் கோபம் பல்லுக்குப் பல் தெரிந்தது. கோபப்படட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் மில்வி மீன் வாங்க வந்தாள். முகம் வாடியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. பிறகு இரண்டு வெள்ளி வரவே இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

ஜூலை இரண்டாம் ஞாயிறு கல்லறைத் திருநாள். வருஷத்துக்கு ஒருநாள் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் வந்து சேருவார்கள், பாதிரியார் பேசுவார், ஊதுகுழல் கோஷ்டி வாசிக்கும், பிறகு கார் டிக்கியைத் திறந்துவைத்து காப்பியும் ரொட்டியும் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும் சாப்பிடுவார்கள். அன்றைக்கு ஒவ்வொரு கல்லறையும் சோதனைக்கு நிற்கிற மாதிரி இருக்கும். நான் காலையிலேயே வந்து மீன்முள் போட்டு, வெள்ளை டெய்ஸி வைத்து, நல்ல மேல்கோட்டு மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண் மட்டும் வாசலில். மில்வி வரவில்லை. பாதிரியார் முடித்து, பாட்டு முடிந்து, கூட்டம் காப்பிக்குக் கலைந்தபோது ஹெய்னோ தனியாக என்னை நோக்கி வந்தார்.

ஹெய்னோவை எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினான்கு வருஷம் இக்லா சாவடியில் முத்திரை குத்திய ஆள். கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் அந்தப் பக்கம் போவோம். எங்கே, எதுக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவீங்க. சாவடி மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது, கூரை மட்டும் ரோட்டின் மேல் நிற்கிறது. ஆனால் மனுஷன் இன்றைக்கும் சட்டைக் காலர்ப் பொத்தான்வரை போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத்தான் வெளியே வருவார். எனக்கு அவர் பாஷை பாதி வரும், அவருக்கு என் பாஷை பாதி வரும். மீன் விற்கவும் சண்டை போடவும் அது போதும்.

உள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா. கையெழுத்துப் போட்டுட்டா. உன் பேரை எழுதி ஆபீஸ்ல குடுத்துரு, எடம் உன்னுது."

நான் வாங்கிப் பார்த்தேன். மில்வியின் கையெழுத்து, பேனா காகிதத்தைக் கிழித்துவிடுகிற மாதிரி அழுத்தியிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. ஆனால் கொடுத்தவர் முகம் கொடுக்கிறவர் முகமாக இல்லை.

"அவங்க எங்க?"

"பர்னு டவுன்ல, தங்கச்சி வீட்ல. போய் நாலு நாளாச்சு. இதை என் மூஞ்சில வீசிட்டு, உன் மணலை நீயே வெச்சுக்கன்னுட்டு பஸ் ஏறிட்டா."

"எந்த மணலு?"

அவர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "நான்தான் வாரிட்டிருந்தேன். மே மாசத்துலேருந்து. தப்பா நெனச்சுக்காத. சுத்தமா கெடந்தா அவளுக்கு இங்க வர்றதுக்கு ஒரு சாக்கு இருக்காதுல்ல. அதுக்குத்தான். இன்னொண்ணு, அப்படியும் வந்தா தெரிஞ்சுரும்."

அப்போதுதான் எனக்கு அந்த நேர்க்கோடு எங்கே பார்த்தது என்று உறைத்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் கடற்கரை எங்களுடையதாக இல்லை. சாயங்காலம் ஆனால் யாரும் மணலில் கால் வைக்கக் கூடாது. சிப்பாய்கள் காவல் நிற்க, ட்ராக்டரில் பரம்பு கட்டி, தண்ணீர் ஓரமாக மைல்கணக்கில் நேர்க்கோடாக இழுத்துக்கொண்டு போவார்கள். காலையில் வந்து பார்ப்பார்கள், கடலுக்குத் தப்பிப் போனவனின் காலடி இருக்கிறதா, கடலிலிருந்து ஏறி வந்தவனின் காலடி இருக்கிறதா என்று. இக்லா பக்கம் அந்த ட்ராக்டர் ஓட்டிய பையன்களில் ஒருவர் ஹெய்னோ. செத்துப்போன என் புருஷனைச் சுற்றி இந்த மனுஷன் இரண்டு மாதமாக எல்லை காவல் காத்திருக்கிறார்.

"ஞாயித்துக்கெழமை மீன்முள்ளு உன்னுது, அது எனக்குத் தெரியும், அதுல எனக்கு வழக்கு இல்ல" என்றார். "புதன்கெழம புதன்கெழம அலை விழுது பாரு. கெழவியோட அலை. அது போட இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்திக்குத்தான் வரும். கேட்டா, நான் போகவே இல்லங்கறா. அவங்க கல்லறைப் பக்கம் போயே மூணு வருஷமாச்சுங்கறா. கண்ணைப் பாத்துப் பொய் சொல்றா."

அந்தக் கணமே சொல்லியிருக்கலாம். அது நான்தான் ஹெய்னோ, நான் உங்களை நினைத்துப் போடவில்லை, அவளை நினைத்துப் போட்டேன் என்று. ஆனால் காகிதம் என் மடியில் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் பர்னுவுக்கு ஓடுவார், காலில் விழுவார், அவள் திரும்பி வருவாள், வந்ததும் முதல் வேலையாக இந்தக் காகிதத்தைக் கேட்பாள். கேட்க அவளுக்கு நியாயமும் இருக்கும்.

"அவன் அம்மாவைப் பாக்க வந்தது நாப்பத்தொரு தடவை" என்றார் ஹெய்னோ, என்னிடம் இல்லை, ஓயார்ஸின் கல்லைப் பார்த்து. "முத்திரை குத்தினவன் நான். வந்த நேரம், திரும்பிப் போன நேரம் ரெண்டையும் பாத்துத்தான் குத்துவேன். அங்க கெழவிக்குப் பக்கத்துல யார் உக்காந்திருக்கான்னு தெரிஞ்சேதான் குத்துவேன்."

"நாப்பத்திமூணு" என்றேன்.

இருபது வருஷமாக நானும் எண்ணி வைத்திருந்தேன், என் எண்ணிக்கை தப்பாகாது, அதைச் சொல்ல இன்றைக்குத்தான் ஒரு ஆள் கிடைத்தது. அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். வாய் அசைந்தது, மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறார்.

"ரெண்டு தடவை சாவடிக்கு வராம கடற்கரையோட நடந்து வந்திருக்கான்" என்றார் கடைசியில். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷமாக இருக்க முயன்றேன் என்பதுதான் சரி. காகிதத்தில் என் பெயரை எழுதினேன், எழுத்து நன்றாக விழுந்தது. அதை ரொட்டிப் பெட்டிக்கு மேல் நிறுத்திவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். வலப்பக்கம் என்னுடையது. முப்பத்திரண்டு வருஷத்துக்குக் கிடைத்த தீர்ப்பு என்று சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் என்ன குற்றம் செய்தேன், என் புருஷன் கல்லறையில் நான் அலை போட்டேன், அவ்வளவுதானே? இப்படி மீனோடு பேசிக்கொண்டு இருந்ததில் ஒரு பெட்டித் தட்டைமீன் அதிகமாகப் புகைபிடித்துக் கருகிப் போனது. அந்த இரண்டு தடவை ஓயார்ஸ் ஏன் கடற்கரை வழியாகப் போனார் என்ற கேள்வி வேறு. அதை நானே கிளப்பி நானே சுமந்தேன்.

செவ்வாய்க்கிழமை தீர்மானித்தேன். புதன் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும், காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. ஆனால் புதன் காலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது, பழக்கதோஷம். கால் தானாகப் பெடலை மிதித்தது. முள்வாரி கேரியரிலேயே கட்டியிருந்தது. பழைய சாவடிக் கூரைக்கு அடியில் போகும்போது கடலிலிருந்து லேசாகக் காற்று அடித்தது, வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது.

ஹெய்னோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்க். மணலில் நேர்க்கோடு புதிதாக, ஆழமாக, ஒரு குருவியின் கால்கூடப் படாமல் கிடந்தது. என்னைப் பார்த்து அவர் எழுந்துகொள்ளவில்லை.

"நீ என்ன, புதன்கெழம?"

"சும்மா வந்தேன்."

அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் வேலியோரமாகச் சுற்றிப் போய், கோட்டில் கால் படாமல் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு அலை விழாது" என்றார். "அவ பர்னுல இருக்கா. அதைக் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஏழு மணி வரைக்கும் பாப்பேன். விழலைன்னா நான் சொன்னது சரி."

அப்படியானால் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணிவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், மணலே எனக்காகச் சாட்சி சொல்லிவிடும். கோட்டுப் பையில் காகிதம் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி எனக்குக் கொடுத்தார். சர்க்கரை இல்லாத, ஆறிப்போன காப்பி. மில்வி வீட்டில் இல்லை என்பது அந்தக் காப்பியிலேயே தெரிந்தது.

"சரியா இருந்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

மாமியார் கல்லில் பாசி பிடித்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவும் இதே தோட்டத்துலதான் கெடக்கா, அந்த மூலைல. அங்க மில்வி வருவா, சருகு பொறுக்குவா, வாருவா, ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா ஒரு தடவைகூட அலை போட்டதில்லம்மா. கடமைக்கு ரெண்டு இழுப்பு, அவ்வளவுதான். நான் ஒருநாள் கேட்டேன், ஏன்டி, அந்த அலை ஏன் இங்க வரமாட்டேங்குதுன்னு. அது அங்க மட்டும்தான்னுட்டா." பிளாஸ்க்கை எடுத்துத் தன் மறுபக்கம் வைத்தார். "நான் செத்தா எனக்குப் போடுவாளா மாட்டாளா? எனக்கு அது ஒண்ணுதான். வேற எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல."

ஆறரை இருக்கும். பைன் உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை, பாதி வாழ்க்கை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைக் கேள்வி கேட்ட ஆள். ஆனால் மீன் குடலை உருவிக்கொண்டே நான் எண்ணிய அத்தனை தடவையும், முன்னூறு அடி தள்ளி இவரும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். அதை வேறு எவரிடமும் நான் சொன்னதில்லை, அவரும் சொல்லியிருக்க மாட்டார். அதற்காக இவரிடம் நான் தோற்க வேண்டுமா என்று ஒரு மனசு கேட்டது. இன்னொரு மனசு எழுந்து நின்றுவிட்டது.

போய் சைக்கிளிலிருந்து முள்வாரியை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் நேராக அவருடைய கோடுகளின் மேல் கால்வைத்து, தலைமாட்டுக்குப் போனேன். மாமியார் கல்லுக்குக் கீழே ஆரம்பித்தேன். மணிக்கட்டு முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு அலை, அதன் வயிற்றில் இன்னொன்று. ஓயார்ஸின் கல்லைச் சுற்றி வளைத்து, அந்த வெறும் வலப்பக்கத்திலும் நிறுத்தாமல் இழுத்தேன், அது யாருடையது என்று இன்னும் எனக்கே தெரியாது. காகிதம் பைக்குள் முனை மடங்கி விலாவில் குத்தியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கமாக நடக்கிறவளுக்கு எதிரே இருப்பது முடித்த வேலை மட்டும்தான், பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் வேகமாக இருந்தது, பிறகு கேட்கவே இல்லை.

குதிகால் பெஞ்சில் இடித்தபோதுதான் திரும்பினேன். அவருடைய காலடி மணல் மட்டும் பாக்கி. அவர் என் பூட்ஸைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கல்லுவரைக்கும் போய்க் கிடந்த அலைகளைப் பார்த்தார். நான் முள்வாரியைப் பெஞ்சுக்கு அடியில் நீட்டினேன். அவர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். கடைசி அலையை இழுத்து முடித்து, நான் வேலிக்கு வெளியே போய் நின்றேன். பாலிஷ் போட்ட அந்த இரண்டு ஷூவும் இன்னும் மணலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுகொண்டிருந்தன, எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்.